வலைக் கடைக்காரரின் இணையதளம்: மூடவா, தொடரவா?

கேள்வி: மண்டபத்தில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறேன். கடை அடைத்த பிறகு இரவில் உட்கார்ந்து எழுதி, ஆறு ஆண்டுகளாகச் சொந்தமாக ஓர் இணையதளம் நடத்தி வருகிறேன். பாக் நீரிணைப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் காற்றுகளுக்கு வழங்கும் பெயர்கள், வலை வகைகள், மீன்களின் உள்ளூர்ப் பெயர்கள், தீவுகளைப் பற்றிப் பெரியவர்கள் சொன்ன செய்திகள், கடலோரப் படங்கள் ஆகியவை அதில் இருக்கின்றன. தளத்தை வைத்திருக்கும் சர்வருக்கான ஹோஸ்டிங் கட்டணம் ஏறியதால் சென்ற மாதம் வேறு நிறுவனத்துக்கு மாற்றினேன். பழைய கட்டுரைகள் எல்லாம் புரியாத குறிகளாகிவிட்டன. தளத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று வருவதாகவும் சிலர் சொல்கிறார்கள். டொமைனுக்கான, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கான, கெடு நெருங்குகிறது; அதைப் பதிந்து கொடுத்தவர் இப்போது ஊரில் இல்லை. நாலு மாதமாகப் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. உட்கார்ந்தாலே தலைப்பின் நிறத்தையும் எழுத்தின் அளவையும் மாற்றிக்கொண்டே பொழுது போய்விடுகிறது. சில நாள்களில் வருகை நூற்றுக்கணக்கில் காட்டுகிறது, ஆனால் மனிதர் யாரும் எழுதுவதில்லை. கீழக்கரையில் பிறந்து வெளிநாட்டில் வாழும் ஒருவர் மட்டும், கரைவலை பற்றிய பக்கத்தில் ஒரு பிழையைச் சுட்டி நீண்ட மின்னஞ்சல் அனுப்பினார். இதையெல்லாம் மூடிவிட்டு யூடியூபுக்கு வந்துவிடுமாறு மைத்துனர் சொல்கிறார். மூடிவிடலாமா?

பதில்:

அன்பு நண்பருக்கு வணக்கம்.

மூட வேண்டாம். ஆனால் இப்போது இருக்கும் வடிவத்திலேயே தொடரவும் வேண்டாம் என்பதுதான், இணையதளம் அமைத்துத் தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது. உங்கள் கடிதத்தில் உள்ள தொல்லைகளில் பெரும்பாலானவை நீங்கள் எழுதியவற்றால் வந்தவை அல்ல. எழுதியவற்றைத் தாங்குவதற்கு என்று நீங்கள் வைத்திருக்கும் இயந்திரம் தேவைக்கு மிகப் பெரியதாக இருப்பதால் வந்தவை. அதற்கு வருமுன், தாமதித்தால் கைவிட்டுப் போகக்கூடிய இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, சிதைந்த எழுத்துகள். எந்த மாதிரிக் குறிகள் தெரிகின்றன என்று நீங்கள் எழுதவில்லை. தீர்வு முழுவதும் அதில்தான் இருக்கிறது. மேலே சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகக் குறியும் வரி முழுக்கத் திரும்பத் திரும்ப வருமானால் கவலைப்பட வேண்டாம், உங்கள் தமிழ் பத்திரமாக இருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும், யூ.டி.எஃப்-8 என்ற சேமிப்பு முறையில், மூன்று பைட்டுகளாக (கணினியின் சிறு சேமிப்பு அலகுகளாக) வைக்கப்படுகிறது. அவற்றில் முதல் பைட்டு எப்போதும் ஒன்றே. இரண்டாவது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். உங்கள் கட்டுரைகள் சேமிக்கப்பட்டிருக்கும் புதிய தரவுத்தளம் அந்த மூன்றையும் சேர்த்துப் படிக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிட்டதால்தான் அந்த இரண்டு குறிகளும் ஓயாமல் வருகின்றன. பழைய தரவுத்தளத்திலிருந்து ஏற்றுமதி செய்தபோதோ புதியதில் ஏற்றியபோதோ எழுத்துமுறையைத் தவறாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதைத் திருத்தி மறுபடி ஏற்றினால் எல்லாம் திரும்பிவிடும். அதுவரை எந்தக் கட்டுரையையும் திருத்தும் பலகையில் திறந்து, கையால் சரிசெய்து, 'புதுப்பி' பொத்தானை அழுத்தாதீர்கள். அப்படிச் சேமித்த பக்கங்கள் ஒரு மாதிரியும் மற்றவை வேறு மாதிரியும் ஆகிவிட்டால், மொத்தமாகத் திருத்த வருபவருக்கு வேலை இரட்டிப்பாகும்.

தெரிவது வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் நிலைமை வேறு. மாற்றும் வழியில் எங்கோ ஓரிடத்தில் தமிழ் எழுத்துகளை ஏற்க முடியாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரதியிலிருந்து எதையும் மீட்க முடியாது. அப்போது பழைய நிறுவனத்தில் உள்ள மூலத் தரவுத்தளம்தான் ஒரே நம்பிக்கை என்பதால், புதிய இடத்தில் ஒரு கட்டுரையைக்கூட விடாமல் படித்துப் பார்த்து நிறைவடையும் வரை பழைய கணக்கை முடித்துக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள் என்றால், இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் உங்கள் தள முகவரியை இட்டுப் பாருங்கள். சிறிய தமிழ்த் தளங்களும் அங்கே ஓரளவு சேமிக்கப்பட்டிருப்பது வழக்கம். படங்கள் விடுபட்டிருந்தாலும் எழுத்து கிடைக்கக்கூடும்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளும் கலந்து வந்தால், அது சர்வர் மாற்றத்தின் பிழையே அன்று. அந்தக் கட்டுரையை நீங்களோ தட்டச்சு செய்து கொடுத்தவரோ யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். பாமினியில் புள்ளி வைக்க அரைப்புள்ளி விசையைத்தான் தட்டுவார்கள் என்பது நினைவிருக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றுகளையும் எண்களையும் நிறுத்தக் குறிகளையும் மட்டும் கண்ணால் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அவசர வேலை டொமைன். கட்டுரைகள் போனால் பிரதி இருக்கலாம், பெயர் போனால் பிரதி கிடையாது. பதிந்து கொடுத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். பதிவு நிறுவனத்தின் கணக்கில் யாருடைய பெயரும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இருக்கின்றனவோ, அவரே நடைமுறையில் உடைமையாளர். வாடிக்கையாளரின் டொமைனைத் தம் கணக்கிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் தொழிலில் பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் சோம்பலாலும் சில வேளை பிடிமானத்துக்காகவும் செய்யப்படும் அதை நான் எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை. அவரைத் தொலைபேசியில் பிடித்து, டொமைனை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றித்தரச் சொல்லுங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல், இதே டொமைனில் இயங்கும் முகவரியாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் நின்றுவிடும், எச்சரிக்கைக் கடிதங்கள் போய்ச் சேர இடமே இருக்காது.

டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்குக் கெடு முடிந்த மறுநாளே பெயர் பறிபோய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் கிடைக்கலாம். பெயர் நீக்கப்பட்ட பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் மீட்பதற்குக் கூடுதல் கட்டணம். அதற்கும் பின் ஐந்து நாள் கழிந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கணக்கை நம்பி இருப்பதைவிட முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லது. 'தானாகப் புதுப்பிக்கும்' என்ற பெட்டியில் குறியிட்டிருப்பதால் கவலை இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் வங்கிக் கார்டுகளிலிருந்து தொடர்கட்டணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு, வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கிப் பிடித்தங்கள் பல நேரங்களில் நிறைவேறுவதில்லை, ஓ.டி.பி. கேட்கும் இடத்தில் யாரும் இல்லாமல் அவை நின்றுபோகின்றன. ஒரு டொமைனைப் பத்து ஆண்டுகள் வரை முன்னதாகப் பதிந்துகொள்ள முடியும். ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிட்டு, கணக்கில் நுழைந்து பார்ப்பதை மட்டும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று செய்யுங்கள். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கும் அந்தத் தேதியை உங்கள் தொழிலில் இருப்பவர் மறக்க வழியில்லை.

'பாதுகாப்பற்றது' என்ற அறிவிப்பு சிறிய செய்தி. தளத்துக்கும் படிப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் சான்றிதழ் இல்லாத எல்லாத் தளங்களுக்கும் குரோம் உலாவி 2018 ஜூலை முதல் அப்படித்தான் காட்டுகிறது. உங்கள் தளத்தில் வைரஸ் இருப்பதாக அதற்குப் பொருள் இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ் இலவசம். ஹோஸ்டிங் நிறுவனத்தின் பலகையில் ஒரு சொடுக்கில் அமைத்துவிடலாம், அமைத்த பிறகு தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அதற்காக ஆண்டுக்கு இவ்வளவு என்று உங்களிடம் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி இயந்திரத்தின் அளவுக்கு வருகிறேன். உங்கள் தளம் வேர்ட்பிரஸில் இயங்குகிறது என்று கடிதத்தின் போக்கிலிருந்து ஊகிக்கிறேன். வேர்ட்பிரஸ் நல்ல மென்பொருள். ஆனால் ஒவ்வொரு முறை ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கும்போதும் அது தரவுத்தளத்தில் தேடி, தீம் என்ற தோற்ற அமைப்பைப் பொருத்தி, பிளக்இன்கள் என்ற துணை நிரல்களை ஓட்டி, பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்கிறது; அந்த ஒவ்வோர் உறுப்பையும் நீங்கள் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது ஓர் ஓட்டையில் யாராவது நுழைந்துவிடுவார்கள். காற்றின் பெயர்களைப் பற்றிய கட்டுரை ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் மாறுகிறது. வள்ளம் போதுமான ஆழத்துக்கு விசைப்படகை வாங்கிவிட்டு, டீசலுக்கும் மராமத்துக்கும் அலைகிறீர்கள்.

ஆகவே, எழுத்துகள் மீண்ட பிறகு, தளத்தை நிலையான பக்கங்களாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு கட்டுரையும் தனி எச்.டி.எம்.எல் கோப்பு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு அலங்காரக் கோப்பு, படங்களுக்கு ஒரு கோப்புறை. வேர்ட்பிரஸ் தளத்தை இப்படிக் கோப்புகளாக இறக்கித் தரும் பிளக்இன்கள் இருக்கின்றன. தரவுத்தளம் இல்லாததால் இனி எழுத்துமுறைச் சிக்கல் வர வழி குறைவு; நுழைவுப் பக்கம் இல்லாததால் பாஸ்வேர்டை உடைக்க வருபவர்களுக்கு அங்கே வேலை இல்லை. தளம் முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை நிறுவனம் கட்டணத்தை ஏற்றினால் கோப்புகளை வேறிடத்தில் ஏற்றிவிட்டு வந்துவிடலாம். முதல் ஆண்டுக்குக் குறைந்த விலை காட்டி இரண்டாம் ஆண்டில் பன்மடங்கு கேட்பது ஹோஸ்டிங் வணிகத்தில் சர்வசாதாரணம். ஆனால் நிலையான தளங்களைக் கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற சேவைகளில் கட்டணமின்றியே வைக்க முடியும் என்பதால், டொமைனுக்கான தொகையைத் தவிர வேறு செலவே உங்களுக்கு இருக்காது.

மாற்றும்போது பக்கங்களின் முகவரியையும் கவனியுங்கள். தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக வைத்திருந்தால், வாட்ஸ்அப்பில் பகிரும்போது அது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நீண்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒன்பது எழுத்து வீதம், 'பாம்பன்' என்ற ஒரு சொல்லே 63 எழுத்துகளாகிவிடுகிறது. வேர்ட்பிரஸ் இப்படிப்பட்ட முகவரியை 200 எழுத்துகளில் வெட்டிவிடுவதால், நீளமான தலைப்புகளின் முகவரிகள் பாதியில் அறுந்து நிற்கும். தமிழ் முகவரியே அழகு என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களுடைய மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு முறை வைத்த முகவரியைப் பிறகு மாற்றக் கூடாது. பழைய முகவரிகளில் வருபவர்கள் புதிய பக்கத்துக்குத் தானாகத் திருப்பிவிடப்படும்படி செய்துகொள்ளுங்கள். கீழக்கரை நண்பர் தம் உறவினர்களுக்கு அனுப்பி வைத்திருப்பது பழைய முகவரியாகத்தானே இருக்கும்.

அவருடைய மின்னஞ்சலைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நீங்கள் அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். வருகைக் கணக்கில் தெரியும் நூற்றுக்கணக்கானவற்றில் பெரும் பகுதி மனிதர்கள் அல்லர்: தேடுபொறிகளின் தேடுநிரல்கள், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் எழுத்துகளை அள்ளிச் செல்ல அனுப்பும் நிரல்கள், நுழைவுப் பக்கம் எங்கே என்று தட்டிப் பார்ப்பவை. அந்த எண் ஏறினால் மகிழ்ச்சியும் இறங்கினால் வருத்தமும் கொள்வதற்கு அதில் ஒன்றும் இல்லை; தளத்தை மாற்றும்போது கணக்கிடும் பிளக்இனையும் கழற்றிவிடுங்கள். தொடர்புப் படிவத்தையும் எடுத்துவிட்டு வெறும் மின்னஞ்சல் முகவரியைப் போடுங்கள், படிவம் வழியாக வரும் விளம்பரக் குப்பைகள் அதோடு நிற்கும். ஆனால் ஊரைவிட்டுப் போன ஒருவர் கரைவலை பற்றிய பக்கத்தைத் தேடி எடுத்து, முழுவதும் படித்து, பிழையைக் கண்டு, அதை விளக்கி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பக்கம் எங்கோ ஓடும் வரிசையில் புதைந்துபோகாமல், ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில், தேடினால் கிடைக்கும்படி இருந்ததால் நடந்தது அது. அந்தப் பிழையைத் திருத்தினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. திருத்தியிருக்காவிட்டால், அவர் சொன்னதைச் சேர்த்து, அவர் இசைந்தால் அவருக்கு நன்றியும் எழுதி, பக்கத்தின் அடியில் திருத்திய தேதியைப் போட்டு, அவருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அப்படிப்பட்டவர்கள் அடுத்த கடிதத்தையும் எழுதுவார்கள். சில வேளை பழைய படம் ஒன்றையும் இணைத்து அனுப்புவார்கள்.

நாலு மாதமாக எழுதவில்லை என்ற குற்ற உணர்ச்சிக்கும் இங்கேயே மருந்து இருக்கிறது. தேதி வரிசையில் கட்டுரைகளை அடுக்கும் ஏற்பாடு செய்தித்தாளுக்குப் பொருந்தும். உங்களிடம் இருப்பது செய்தி அன்று. முகப்பில் புதியது மேலே, பழையது கீழே என்ற வரிசையை எடுத்துவிட்டு, காற்றுகள், வலைகள், மீன்கள், தீவுகள், ஊர்கள் என்று பொருள்வாரியாகப் பிரித்துவிடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் வேலை புதுப் பதிவு போடுவதாக இருக்காது. வாடைக்காற்றின் பக்கத்தில் ஒரு பத்தியைச் சேர்ப்பது, நண்டு வலைக்கு ஏர்வாடிப் பக்கம் எந்தக் கண்ணி அளவைக் கேட்கிறார்கள் என்று கடைக்கு வந்தவர் சொன்னதை உரிய இடத்தில் எழுதுவது என்று மாறிவிடும். கல்லாவில் உட்கார்ந்தபடி தொண்டிக்காரரிடமும் மூக்கையூர்க்காரரிடமும் ஒரே மீனுக்கு இரண்டு பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பு, கல்லூரிகளில் ஆய்வு செய்வோருக்குக் கிடைக்காது. அந்தப் பெயர்களின் எல்லா வடிவங்களையும் பக்கத்தில் எழுத்தாகவே எழுதுங்கள். படத்துக்குள் பொறித்துவிட்டால் தேடுபவர்களுக்கு அவை அகப்படாமல் போகக்கூடும், பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் அதைத் தாண்டிப் போய்விடும்.

நிறத்தையும் எழுத்தின் அளவையும் மாற்றிக்கொண்டே இருப்பதற்காக வெட்கப்பட வேண்டாம். சொந்தத் தளத்தின் இன்பங்களில் பாதி அதுதான்; வேறு எந்தத் தளத்திலும் நாம் விரும்பிய நீலத்தை நாமே வைக்க முடியாது. நேரத்தை அதிலேயே செலவிடப் போகிறீர்கள் என்றால் பயனுள்ளதாக ஒன்று சொல்கிறேன். தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால், ஆங்கிலத்துக்கென்று அமைத்த தீம்களில் வரிகள் நெருங்கி முட்டிக்கொள்ளும். வரிகளுக்கிடையே உள்ள இடைவெளியை எழுத்தின் அளவைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்கு உயர்த்திப் பாருங்கள், பக்கமே மூச்சு விடும்.

படங்களில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டுகிறேன். கைபேசியில் எடுத்த படம் மூன்று நான்கு எம்.பி. இருக்கும், அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தால் இருநூறு கே.பி. அளவுக்கு வந்துவிடும், சிக்னல் விட்டுவிட்டு வரும் கரையிலும் திறக்கும். அதைவிட முக்கியமானது, கைபேசியின் இட அமைப்பு திறந்திருந்தால், எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் என்பது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு நீங்கிவிடுகிறது. சொந்தத் தளத்தில் மூலப் படத்தை ஏற்றினால் அப்படியே நிற்கும், வேண்டியவர் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அங்கே பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இடையே உள்ள சிக்கலை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யார், எந்தத் தீவின் அருகில், எத்தனை மணிக்கு நின்றார் என்பதற்கு உங்கள் தளம் சாட்சியாகிவிடக் கூடாது. இடக்குறிப்பை அழித்த பிறகே படங்களை ஏற்றுங்கள். ஏற்கெனவே ஏற்றியவற்றையும் இந்த மாற்றத்தின்போது சேர்த்துக் கழுவிவிடுங்கள். முகம் தெரியும் படங்களுக்கு உரியவரிடம், படத்தைக் காட்டி, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மைத்துனர் சொல்வதை முழுவதும் தள்ள வேண்டியதில்லை. மற்றவர் இடத்தில் மட்டும் எழுதி வைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. யாகூ நடத்திய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரிலும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் மூடப்பட்டபோது, அங்கே மட்டும் எழுதி வைத்திருந்தவர்கள் கொடுக்கப்பட்ட கெடுவுக்குள் அள்ளிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் கிழிந்த வலையைப் பொத்தும் கையின் ஓட்டத்தை எழுத்தில் எவ்வளவு விளக்கினாலும் போதாது, காணொளிதான் அதற்குச் சரி. மைத்துனரையே எடுக்கச் சொல்லி யூடியூபில் ஏற்றுங்கள், மூலக் கோப்பை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். காணொளியின் விளக்கத்தில் முதல் வரியாக உங்கள் தளத்தின் வலைப் பக்கத்துக்கான முகவரியும், அந்தப் பக்கத்தில் காணொளிக்கான சுட்டியும் இருக்கட்டும். அவர் தொடர்ந்து எடுப்பாரா என்பது முதல் காணொளியிலேயே தெரிந்துவிடும்.